வரிசை மாறி வந்த காலங்கள்
தஞ்சையும் உலகமும் – 9

சென்ற இதழில் வயலின் தஞ்சை அரண்மனைக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். ஏறக்குறைய அதே காலத்தில், லண்டனிலிருந்து கப்பலேறி, அதே அரண்மனைக்குப் புத்தகங்களும் வந்துகொண்டிருந்தன. லண்டனில் வில்லியம் டோரின் என்பவர் தேடித் தேடி வாங்கி அனுப்பினார்; இங்கே இரண்டாம் சரபோஜி பிரித்துப் பார்த்துப் படித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தில் 1784-இல் அச்சான சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இருக்கிறது. ஜான்சன் காலமானதும் அதே ஆண்டில்தான். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் சொல்லி, ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் என்று பெரும் புலவர்களின் வரிகளையே சான்றாக அடுக்கிய அகராதி அது. அதைப் புரட்டுகிறவர் அகராதி பார்ப்பதோடு நிற்க முடியாது. இருநூறு ஆண்டு இலக்கியத்துக்குள் நுழைந்துவிடுவார்.

ஆங்கில இலக்கியத்தின் காலங்களை நம் கல்லூரிகளில் ஒரே வரிசையில்தான் சொல்லித்தருகிறார்கள். பழைய ஆங்கிலம், சாசர், ஷேக்ஸ்பியரின் எலிசபெத் காலம், மில்டன், போப்பும் ஜான்சனும் கோலோச்சிய பதினெட்டாம் நூற்றாண்டு, வேர்ட்ஸ்வொர்த் முதலான கற்பனாவாதக் கவிகள், டிக்கன்ஸின் விக்டோரியா காலம், அப்புறம் நவீனம். ஆயிரம் ஆண்டுக் கதை. தஞ்சைத் தரணிக்கு அது இந்த வரிசையில் வரவில்லை. நடுவில் தொடங்கி, முன்னும் பின்னும் தாவி, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. பரீட்சைக்காகப் படித்த இடத்தில் ஒன்று விளைந்தது. மனசுக்காகப் படித்த இடத்தில் வேறொன்று விளைந்தது. தமிழுக்குக் களம் கண்ட நெல் இரண்டாவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு நாடுகளையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். 1010-இல் ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடிக்கிறான். அதையொட்டிய காலத்தில்தான் இங்கிலாந்தில் பெயர் தெரியாத இருவர் ‘பேவுல்ஃப்’ என்ற வீரகாவியத்தைத் தோலில் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷேக்ஸ்பியர் லண்டனில் ‘ஹாம்லெட்’ எழுதிய ஆண்டுகளில் தஞ்சையை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். அவரே தெலுங்கில் காவியம் பாடியவர். அந்த நாடகத்தின் நாயகன் டென்மார்க் இளவரசன் அல்லவா? அந்த டென்மார்க்கின் கப்பல்கள் 1620-இல் வந்து, ரகுநாதரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டின. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டிய முதல் பெருந்தொகுப்பு லண்டனில் வெளிவந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1623-இல்.

தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு வந்தார். அவர் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் 1712-இல் அங்கே வந்திறங்கிய அச்சு இயந்திரம் லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் உதவி. அலெக்சாண்டர் போப் தமது புகழ்பெற்ற நையாண்டிக் காவியத்தின் முதல் வடிவை லண்டனில் வெளியிட்டதும் அதே 1712-இல்தான். சீகன்பால்கு இறந்த 1719-இல் டெஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ வந்தது. ஆனால் அந்தக் கப்பலில் போப்போ டெஃபோவோ வரவில்லை. மிஷனரிகளுக்கு வேண்டியது வேதம், வினாவிடை, ஜெபப் புத்தகம். இலக்கியம் உள்ளே நுழைய இன்னும் இரண்டு தலைமுறை ஆயிற்று. அதற்கு வழி திறந்தவரும் ஒரு மிஷனரிதான்.

கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சியில் நெடுங்காலம் ஊழியம் செய்துவிட்டு 1778-இல் தஞ்சையில் தங்கினார். தமிழ், மராத்தி, உருது எல்லாம் பேசக்கூடிய ஜெர்மானியர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அரண்மனைக்கும் ஹைதர் அலிக்கும் நடுவே தூது போகிற அளவுக்கு எல்லாரும் அவரை நம்பினார்கள். 1780-களின் நடுவில், கம்பெனியின் ரெசிடெண்ட் ஜான் சல்லிவனோடு சேர்ந்து தஞ்சையிலும் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க வழி செய்தார். மெக்காலேயின் கல்விக் குறிப்பு 1835-இல் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே டெல்டாவில் பையன்கள் ஆங்கில அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரின் ஆங்கிலக் கல்வி மெக்காலேயோடு தொடங்கியதாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துளஜா மன்னர் 1787-இல் இறப்பதற்கு முன் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஸ்வார்ட்ஸ் தம் பாதுகாப்பில் வளர்த்தார். அரண்மனைச் சண்டையில் பையனின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் சென்னைக்கு அனுப்பி, கெரிக்கே என்ற மிஷனரியிடம் படிக்க வைத்தார். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தார். அந்த ஆண்டே சரபோஜி அரியணை ஏறினார். வேர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுதியும் அதே 1798-இல்தான். ஆங்கிலக் கவிதையின் அடுத்த காலம் அங்கே பிறந்துகொண்டிருந்தபோது, முடிந்துபோன காலத்தின் ஓசை இங்கே கல்லில் ஏறியது. தம் ஆசானுக்காக சரபோஜியே ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதி நினைவுக்கல்லில் பொறிக்கச் செய்தார். எதுகை அமைந்த ஈரடிகள், அநாதைகளுக்குத் தந்தையாக இருந்தவர் என்பது போன்ற நேரான புகழ்ச்சி, அலங்காரமில்லாத துக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இரங்கற்பாவின் நடை அப்படியே அதில் இருக்கிறது. இலக்கணம் ஒன்றிரண்டு இடத்தில் இடறுகிறது. உண்மை எங்கும் இடறவில்லை. ஸ்வார்ட்ஸின் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பத்தை லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்ததும் சரபோஜிதான். தஞ்சைக்குப் போகிறவர்கள் சிவகங்கைப் பூங்காவையொட்டிய தேவாலயத்தில் அதைப் பார்க்கலாம்.

1799 ஒப்பந்தத்தின்படி ஆட்சி கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் நகரமும் மட்டும் மன்னருக்கு மிஞ்சின. மிஞ்சிய காலத்தையும் பணத்தையும் அவர் புத்தகத்தில் போட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பலவற்றில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்தை இன்றும் காணலாம். 1805-இல் அமைத்த அரண்மனை அச்சகத்தில் ஈசாப் கதைகளை மராத்தியில் பெயர்த்து அச்சடித்தார்கள்.

1826 மார்ச்சில் கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். அவரே ஆக்ஸ்போர்டில் பரிசு பெற்ற கவிஞர். நாலு நாள் மன்னரோடு பழகிவிட்டு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். லவாய்சியரையும் லின்னேயஸையும் மன்னர் சரளமாக மேற்கோள் காட்டுகிறார், ஷேக்ஸ்பியரின் கவித்துவத்தைப் பைரன் பிரபுவைவிடச் சரியாக எடைபோட்டிருக்கிறார், ஆங்கிலத்தில் கவிதையும் எழுதியிருக்கிறார் என்று வியந்து எழுதினார். பைரன் இறந்து அப்போது இரண்டே ஆண்டுகள். லண்டனில் ஷேக்ஸ்பியர் பெரியவரா இல்லையா என்று படித்தவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், தஞ்சைக் கோட்டைக்குள்ளும் ஒருவர் அந்த விவாதத்தில் இருந்தார். யாரும் அவருக்குப் பாடம் வைக்கவில்லை, மதிப்பெண் போடவில்லை. ஹீபர் அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3-ஆம் தேதி, திருச்சியில் குளத்தில் குளிக்கும்போது இறந்துபோனார். சரபோஜி 1832-இல் மறைந்தார்.

மன்னர் மறைவோடு அந்த வாசிப்பும் அரண்மனைக்குள்ளேயே முடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குள் ஆங்கில இலக்கியம் பரவியது வேறு வாசல் வழியாக. 1854-இல் கும்பகோணத்தில் அரசுப் பள்ளி தொடங்கிற்று. 1867-இல் அது கல்லூரியாயிற்று. அதே 1854-இல் டிக்கன்ஸ் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் ஒரு வகுப்பறையில்தான் தொடங்கும். விவரங்கள் போதும், கற்பனை வேண்டாம் என்று பிள்ளைகளை அதட்டுகிற வகுப்பறை அது.

கும்பகோணம் கல்லூரிக்கு அமைந்த ஆசிரியர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். முதல்வர் வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரின் பெயரை ஊர்க்காரர்கள் ஒரு நகர மண்டபத்துக்கே வைத்தார்கள். அவருக்குப் பின் வந்த கோபால ராவ் ஆங்கிலப் புலமைக்குப் பெயர்போனவர். ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று கல்லூரிக்குப் பட்டப் பெயர் வந்தது. காவிரிக்கு அக்கரையில் கல்லூரி. கோடையில் மாணவர்கள் மணலில் நடந்தே கடப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் படகு. கையில் ஷேக்ஸ்பியர், மில்டன் பாடப் புத்தகங்கள். வீட்டிலிருந்து வரும் செலவுக்குப் பணம் நெல் விற்ற பணம்.

இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. அதன் தேர்வுகளில் ஆங்கிலம் கட்டாயம். ஆக்ஸ்போர்டு ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப் படிப்பாக ஏற்றது 1894-இல். கேம்பிரிட்ஜில் அதற்கெனத் தனித் தேர்வு வந்தது 1917-இல். அதாவது, மில்டனின் வரிகளுக்குப் பொருளெழுதிப் பட்டம் வாங்கும் வழக்கம் அந்தக் கேம்பிரிட்ஜுக்கு முன்பே இந்தக் கேம்பிரிட்ஜில் வந்துவிட்டது. தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு கிரேக்கமும் லத்தீனும்தான் கல்வி என்று வைத்திருந்தவர்கள், தங்கள் சொந்த இலக்கியத்தை முதலில் பாடமாக்கியது நம் பிள்ளைகளுக்கு. சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆள் வேண்டியிருந்தது ஒரு காரணம். தங்கள் மொழியின் பெருமையைக் காட்டியே ஆளலாம் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம்.

அந்தப் பரீட்சை என்னவெல்லாம் செய்தது என்பதற்கு ஒரே கல்லூரியில் இரண்டு சாட்சிகள். வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே படித்துப் பட்டம் பெற்றார். அவர் ஆங்கிலம் பேசினால் ஆங்கிலேயர்களே வாய்மூடிக் கேட்டார்கள் என்பது வெறும் புகழ்ச்சியில்லை. ‘வெள்ளி நாக்குப் பேச்சாளர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1944-இல் முதுமையில் அவர் வால்மீகி ராமாயணத்தைப் பற்றிச் சென்னையில் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகளில் ராமனை மனிதனாக வைத்து, ஒரு காவியப் பாத்திரமாக அணுகினார். ஷேக்ஸ்பியரைப் படித்த கண் அது. இன்னொரு சாட்சி ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த அந்தக் கணித மேதை, ஆங்கிலக் கட்டுரையில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார், படிப்பும் முறிந்தது. உலகம் இன்றும் எடுத்து ஆராய்கிற சூத்திரங்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பையனை, ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வரவில்லை என்று வெளியே நிறுத்திய முறையை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

பரீட்சைக்கு வெளியே என்ன நடந்தது? மாயவரத்துக்குப் போவோம்.

ச. வேதநாயகம் பிள்ளை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 1826-இல் குளத்தூரில் பிறந்து, திருச்சியில் தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, தரங்கம்பாடியிலும் மாயவரத்திலும் முன்சீப்பாக உயர்ந்தவர். ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இலேயே நூலாக வெளியிட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் மாயவரத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சில் வந்தது. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதினேன் என்று முன்னுரையில் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் தாமஸ் ஹார்டி எழுதிக்கொண்டிருந்தார். ஜார்ஜ் எலியட் உயிரோடிருந்தார். பிள்ளையின் நாவலில் அவர்களுடைய சாயல் துளியும் இல்லை. கதைக்குள் கதை, வழிப்பயணம், ஆள்மாறாட்டம், இடையிடையே ஒழுக்கம் பற்றிய நீண்ட பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நல்ல சிரிப்பு. ஃபீல்டிங், ஜான்சன், கோல்ட்ஸ்மித் ஆகியோரின் பதினெட்டாம் நூற்றாண்டு நாவலுக்குத்தான் அது சொந்தம். நூறு ஆண்டு பின்தங்கிய எழுத்து என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விக்ரமாதித்தன் கதையும் பாட்டி சொன்ன கதையும் கேட்டு வளர்ந்த வாசகருக்குக் கிளைக்கதை விரியும் அந்தப் பழைய நடைதான் கிட்டத்து உறவு. ஆங்கிலத்தின் எந்தக் காலம் தமக்கு உதவும் என்று முன்சீப் சரியாகவே தேர்ந்தெடுத்தார். ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளுகிற பகுதியையும், தமிழ் தெரிந்த ஜனங்களின் வழக்கை வக்கீல்கள் ஆங்கிலத்தில் நடத்துவதைக் கண்டிக்கிற பகுதியையும் இன்று படித்தாலும் சூடு ஆறவில்லை.

அந்த நாவல் வந்த மறு ஆண்டு, 1880-இல், உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். தியாகராஜ செட்டியார் தம் இடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்ய, கோபால ராவ் ஏற்றுக்கொண்டார். சம்பளம் ஐம்பது ரூபாய். அந்த அக்டோபரில் சேலம் ராமசாமி முதலியார் என்ற முன்சீப் ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஐயர் மரியாதைக்குப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், கோவை என்று ஐயர் அடுக்கினார். இவற்றைப் படித்து என்ன பிரயோஜனம், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று முதலியார் கேட்டதும் ஐயர் திகைத்துப் போனார். அதன் பிறகு ஐயர் பதிப்பித்தவை தமிழுலகம் அறிந்தவை: சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? முதலியார் ஆங்கிலம் படித்தவர். ஓர் இலக்கியத்துக்குக் காலங்கள் உண்டு, இன்றைய நூலுக்கு முன்னால் ஒரு மூலம் உண்டு, அதைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அந்தப் படிப்பிலும் வலுத்திருக்கும் என்பது என் ஊகம். இங்கிலாந்தே அந்தப் பழக்கத்துக்குப் புதிதுதான். பெரிய கோயில் காலத்துப் ‘பேவுல்ஃப்’ முதன்முதலாக அச்சேறியது 1815-இல், அதுவும் கோபன்ஹேகனில். பழைய ஆங்கிலச் சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்க ஃபர்னிவல் என்பவர் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது 1864-இல். அதாவது அவர்கள் தங்கள் பழைய ஏடுகளைத் தூசு தட்டிக்கொண்டிருந்த அதே தலைமுறையில்தான் கும்பகோணத்தில் சமணர் வீட்டுச் சுவடிகள் விளக்கெண்ணெய் வெளிச்சத்தில் விரிந்தன. ஆங்கில இலக்கிய வகுப்புகள் நடந்த கல்லூரியில், ஆங்கிலம் படிக்காத ஒரு தமிழாசிரியர் தம் மொழியின் முதல் காலத்தை மீட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கல்லூரி தமிழுக்குச் செய்த நன்மைகளில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

கற்பனாவாதக் கவிகள் தமிழுக்குள் வந்தது எட்டயபுரம் வழியாக. ஷெல்லிதாசன் என்றே பாரதி புனைபெயர் வைத்துக்கொண்டார். டெல்டா அதில் பெரிய பங்கு எடுக்கவில்லை, கடந்து போகலாம். டெல்டாவின் முறை 1930-களில் வந்தது. 1933-இல் சென்னையில் ‘மணிக்கொடி’ இதழைத் தொடங்கிய மூவரில் ஒருவர் தஞ்சை மாவட்டத்து வ.ரா. அதில் எழுதி நிலைத்தவர்களில் கும்பகோணத்துக்காரர்கள் இருவர்: 1900-இல் பிறந்த ந. பிச்சமூர்த்தி, 1902-இல் பிறந்த கு.ப. ராஜகோபாலன். பக்கத்து வீட்டுச் சிநேகிதர்கள் போலவே இலக்கியத்தில் வளர்ந்தார்கள். வக்கீலாக இருந்த பிச்சமூர்த்தி, வால்ட் விட்மனைப் படித்த உத்வேகத்தில் யாப்பைத் தள்ளிவைத்துக் கவிதை எழுதினார். விட்மன் அமெரிக்கர். கும்பகோணத்து வாசகருக்கு லண்டன், நியூயார்க், மாஸ்கோ எல்லாம் ஒரே ஆங்கில அலமாரியில் வந்து சேர்ந்தன. நாட்டு எல்லை பார்த்து அவர்கள் படிக்கவில்லை.

கு.ப.ரா. தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்தபோது கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியது. வேலையை விட்டார். பார்வை இல்லாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை கு.ப. சேது அம்மாள் கதைகளை எழுதினார். பிறகு அவரும் எழுத்தாளரானார். ஸ்டீவன்சன் எழுதிய ஜெகில்–ஹைட் கதையைக் கு.ப.ரா. ‘இரட்டை மனிதன்’ என்று தமிழாக்கினார். ஒரே உடலுக்குள் கண்ணியமும் இச்சையும் மல்லுக்கட்டும் கதை. அவருடைய சொந்தக் கதைகளில் அக்கிரகாரத்துத் திண்ணையிலும் சமையலறையிலும் நடப்பது அதுவேதான், மருந்தும் கொலையும் இல்லாமல். ஒரு பெண் வாசற்படியில் நின்று ஒரு வார்த்தையை விழுங்கிக்கொள்வதில் கதை முடிந்துவிடும். அந்தச் சிக்கனத்தை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தி. ஜானகிராமனும் எம்.வி. வெங்கட்ராமும் கரிச்சான் குஞ்சுவும் அவர் நிழலில் வளர்ந்தார்கள்.

சாஸ்திரி பிறந்த வலங்கைமானில்தான் 1912-இல் க.நா. சுப்ரமண்யம் பிறந்தார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாளராக வேண்டும் என்பது இளமையில் அவருக்கிருந்த ஆசை. ஆங்கிலத்தில் எழுதுவதை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் நாவலும் விமர்சனமும் கவிதையும் என்று முழு மூச்சாக உழைத்தது தமிழில். உலக நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவதைத் தம் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையும் ‘1984’-ஐயும் தமிழாக்கியவர் அவரே. ஆர்வெல் 1903-இல் பிறந்தது நம் பீகாரில், மோதிஹாரியில். அப்பா அபினி இலாகா உத்தியோகஸ்தர். டோரின் லண்டனிலிருந்து அனுப்பிய புத்தகங்களை அரண்மனையில் ஒருவர் படித்தார். க.நா.சு. கொண்டுவந்த ஆர்வெல்லை வலங்கைமான் வாசகசாலையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் தமிழிலேயே படிக்கலாம் என்று ஆயிற்று.

(தொடரும்)